முப்பத்தேழாவது நார்

உலகத்தில் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத குரல் ஒன்று உண்டென்றால் அது மேகலாவின் குரல். மேகலா பெண் அல்ல. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அத்தனையும் சொல்லிவைத்தாற்போல் ஒரே இடத்தில் வாங்கிய பேசும் மென்பொருள். எந்தக் கம்பெனிக்குப் போன் போட்டாலும் அவள்தான் எடுப்பாள். அதே குழைவான தமிழ், அதே "தங்கள் பொறுமைக்கு நன்றி", அது முடிந்ததும் அதே வயலின். அந்த வயலினை வாசித்த மனிதர் என்றைக்காவது என் எதிரில் வந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

அன்று காலையிலிருந்து என் இடது காதில் மேகலா இருந்தாள். வலது காதில் முனிராஜ் இருந்தார்.

முனிராஜ் பொக்லைன் ஓட்டுகிறவர், சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். அவரை நான் பார்த்ததே இல்லை. நான் தரமணியில் ஆறாவது மாடியில், நெடுவழி நெட்வொர்க்ஸ் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் ஏசியில் உட்கார்ந்திருந்தேன். அவர் தாம்பரத்துக்கு மேற்கே, மலர்விழி அவென்யூ என்று அழகாகப் பெயர் வைத்த ஒரு தாழ்வான மனைப்பிரிவில், மழைத் தண்ணீருக்கு நடுவே நின்ற வண்டியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய வண்டியைப் பூட்டி வைத்திருந்தது எங்கள் கேபிள்.

"மேடம், லாக்கை எடுத்து உடுங்க மேடம். எத்தினி வாட்டி கேக்குறது? சாவி திருப்புனா இஞ்சின் ஓடுது, கை மட்டும் அசைய மாட்டேங்குது. இங்க ஜனங்க என்னை அடிக்க வர்றாங்க."

"முயற்சி பண்ணிட்டுதான் இருக்கேன் முனிராஜ்."

"அதையேதான் அப்பவும் சொன்னீங்க. இருங்க, இந்தம்மா பேசணுமாம்."

போன் கை மாறியது. "ஹலோ, நீங்கதான் அந்த கேபிள் கம்பெனியா? என் பேர் வசுமதி. இந்தத் தெருவுலதான் இருக்கோம். தெருமுனைல வாய்க்காலுக்கு மேல போட்டிருந்த கான்கிரீட் ஸ்லாப் உடைஞ்சு உள்ள விழுந்துடுச்சு. தண்ணி போக வழியே இல்ல. அதை ஒரு பக்கம் தூக்கினா எல்லாம் வடிஞ்சுடும். வண்டி வந்துடுச்சு, டிரைவர் இருக்காரு. அப்புறம் ஏங்க சும்மா நிக்குது?"

"அந்த ஸ்லாப்பை ஒட்டினாப்பல எங்க குழாய் போகுதும்மா. உள்ள கண்ணாடி நார் கேபிள் இருக்கு. ஸ்லாப்பைத் தூக்கினா கேபிள் அறுந்துடும். பக்கத்துல மண்ணு தோண்டுற வண்டி வந்தாலே கேபிளுக்குக் கேட்டுடும். உடனே வண்டிக்கு லாக் போட்டுடும்."

"கேபிளுக்குக் காதெல்லாம் இருக்கா?"

"இருக்கு. தரை அதிர்ந்தா உள்ள போற வெளிச்சம் லேசா நடுங்கும். அந்த நடுக்கத்தை இங்க ஸ்பீக்கர்ல சத்தமாவே கேட்கலாம். இப்பகூட உங்க வண்டி உறுமுறது எனக்குக் கேட்டுட்டு இருக்கு."

"நாங்க கத்தறது மட்டும் அதுக்குக் கேட்கல போல."

நான் ஸ்பீக்கரின் ஒலியைக் குறைத்தேன். வசுமதி விடவில்லை.

"எங்க வீட்டுக்காரர் படுத்த படுக்கைங்க. ஆக்சிஜன் மெஷின்லதான் இருக்காரு. கரென்ட் போயிடுச்சு, மெஷின் இன்வெர்ட்டர்ல ஓடுது. பேட்டரியை செங்கல் அடுக்கி எவ்ளோ முடியுமோ அவ்ளோ மேல ஏத்திட்டோம். அதுவரைக்கும் தண்ணி வந்துட்டா முடிஞ்சுது. தூக்கிட்டுப் போகலாம்னா மெஷினைக் கழட்ட முடியாது. படகு மதியத்துக்கு மேலதான் வருமாம்." அவர் குரல் உடையவில்லை, கோபத்தில் கெட்டிப்பட்டிருந்தது. "யார் கிட்டங்க நான் கெஞ்சணும்? சொல்லுங்க, கெஞ்சறேன்."

"அந்தக் கேபிள்ல நார் வாடகைக்கு எடுத்திருக்கிற எல்லாரும் சம்மதிக்கணும்மா. மொபைல் கம்பெனிங்க, பேங்க்கு, டேட்டா சென்டர்... நாங்க மொத்த வியாபாரம்தான் பண்றோம்."

"தெரியும். வீட்டுக்கு ஒரு கனெக்‌ஷன் கேட்டு உங்களுக்கு எழுதினேன். சில்லறைக்குத் தர்றதில்லைன்னு பதில் போட்டீங்க. எங்க வாசலைத் தோண்டித்தான் புதைச்சீங்க, எங்க வாசலுக்கு மட்டும் தர மாட்டேன்னீங்க." போன் மறுபடி முனிராஜ் கைக்குப் போனது.

இந்தப் பூட்டுச் சட்டம் ஒன்றும் வெட்டியாக வந்ததல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். சில வருடங்களுக்கு முன் எங்கேயோ ஒரு தெருவில் பொக்லைன் ஒன்று கேபிளை அறுத்தது. அறுந்த நொடியில் வேறொரு ஊரில் ஆபரேஷன் மேஜை மேல் இயங்கிக்கொண்டிருந்த ரோபோக் கை நின்றுபோனது. டாக்டர் இன்னொரு ஊரில் இருந்தார். மேஜையில் இருந்த பெண் பிழைக்கவில்லை. அதற்கப்புறம்தான் மண் தோண்டும் வண்டிகள் எல்லாவற்றிலும் பூட்டு வைத்தார்கள். ஒரு நாரில் யாருடைய உயிர் போய்க்கொண்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அதனால் நாரை எடுத்தவர்கள் ஒவ்வொருவரும் சரி என்றால்தான் பூட்டு திறக்கும் என்றார்கள். நானும் அன்றைக்குக் கை தட்டியவள்தான். இன்றைக்குக் கேட்டாலும் அது நல்ல சட்டம் என்றுதான் சொல்வேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

என் திரையில் நார்கள் வரிசையாக நின்றன. சம்மதம் வந்தவை பச்சை. வங்கி தன் போக்குவரத்தை வேறு வழிக்கு மாற்றிவிட்டுச் சரி என்றது. டேட்டா சென்டரும் சரி என்றது. மொபைல் கம்பெனிக்கு மாற்ற வேறு வழி இல்லை, அந்தப் பகுதி டவர்கள் படுத்தால் படுக்கட்டும் என்று சம்மதித்துவிட்டது. எல்லாம் பச்சை. முப்பத்தேழாவது நார் மட்டும் சிவப்பாக நின்றது. அது பச்சையாகாமல் திறக்கும் பொத்தானில் நான் தலையால் முட்டினாலும் ஒன்றும் ஆகாது.

"தங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்" என்றாள் மேகலா இடது காதில். "தங்கள் கோரிக்கை எங்கள் வாடிக்கையாளருக்கு அனுப்பப்பட்டுள்ளது. அவர் பரிசீலித்துக்கொண்டிருக்கிறார்."

"யார் உங்க வாடிக்கையாளர்? பேரைச் சொல்லு."

"வாடிக்கையாளர் விவரங்களைப் பகிர இயலாமைக்கு வருந்துகிறோம்." வயலின்.

நான் இடது காது ஹெட்செட்டை மேஜையில் ஓங்கி வைத்துவிட்டு, "பத்ரி சார்!" என்று கத்தினேன்.

பத்ரிநாராயணன் எங்கள் விற்பனை மேலாளர். முப்பத்தேழாவது நாரை விற்றவர். காபிக் கோப்பையோடு நிதானமாக வந்தார். அவசரம் என்பது அவர் ஜாதகத்திலேயே கிடையாது.

"ஏம்மா ஷாஹிதா, இப்படிக் கத்தினா கண்ணாடி உடைஞ்சுடும்."

"இந்த நாரை அஷ்டதிக் டெலிகாமுக்கு வித்தது நீங்கதானே சார்?"

"ஆமா, நான்தான். நீண்ட கால குத்தகை. நல்ல டீல்மா அது."

"அஷ்டதிக்கோட மேகலாதான் என் உயிரை வாங்குறா. அவங்க யாருக்குக் குடுத்திருக்காங்க?"

"நீலத்திரை நெட்வொர்க்ஸுக்குன்னு கேள்வி."

"அவங்க யாருக்கு?"

பத்ரி தோளைக் குலுக்கினார். "அதை எப்படிம்மா கேட்கிறது? ஒரு சரக்கை மொத்தமா வித்தா, அதை வாங்கினவன் இட்லி சுடறானா தோசை ஊத்தறானான்னு பார்த்துட்டு இருப்போமா?"

"சட்டம் பார்க்கச் சொல்லுது சார்!"

"சட்டம் வர்றதுக்கு முன்னாடி வித்தது."

அப்போது வாங்கும் மேஜையின் போன் அடித்தது. அது காலையிலிருந்தே விட்டு விட்டு அடித்துக்கொண்டுதான் இருந்தது. வாங்கும் மேஜை என்பது அறையின் மூலையில் கிடந்த ஒரு மேஜை. நாங்கள் விற்கிறவர்கள். ஊரெல்லாம் கேபிள் வைத்திருக்கிற நாங்கள் யாரிடம் போய் என்ன வாங்கப் போகிறோம்? அதனால் அந்த மேஜைக்கு ஆள் போடவில்லை. மேஜை மேல் யாரோ குடையைக் காயப் போட்டிருந்தார்கள். கோளாறு நடக்கும்போது வாங்கும் மேஜையின் போனை யாரும் தொடக்கூடாது என்பது எங்கள் அறையின் எழுதாத விதி. எடுத்தால் எவனாவது எதையாவது நம் தலையில் கட்டப் பார்ப்பான் என்பார்கள். நானும் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே அதைத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

"மேடம்" என்றார் முனிராஜ் வலது காதில். "தண்ணி என் டயரை மூடிடுச்சு. அந்தம்மா வீட்டுல இன்னும் ரெண்டு செங்கல்தான் மிச்சமாம்."

"ஸ்பேனர் வச்சு லாக் பெட்டியை உடைச்சிட முடியுமா?"

"உடைச்சா வண்டி செத்துடும் மேடம். அப்புறம் சர்வீஸ் ஆள் வந்தாத்தான்."

நான் பத்ரி பக்கம் திரும்பினேன். "ஒண்ணு பண்ணலாம். அந்த நார்ல வெளிச்சத்தை நாமே அணைச்சுட்டா? காலி நார்னு கணக்குல வந்துடும். பூட்டு திறந்துடும்."

பத்ரி காபியைக் கீழே வைத்தார். முதல் தடவையாக அவர் முகத்திலிருந்து அந்தச் சாவகாசம் போனது. "வேண்டாம் ஷாஹிதா. அந்தப் பக்கம் யாராவது ஆபரேஷன் டேபிள்ல இருந்தா? உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. நான் வித்தது நார். அதுல என்ன ஓடுதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாதும்மா."

எனக்கு அழுகை வந்தது. துக்கத்தில் அல்ல, ஆத்திரத்தில். ஒரு பக்கம் பெயர் தெரிந்த ஒரு மனிதர், மூச்சுக்காக. இன்னொரு பக்கம் பெயரே தெரியாத யாரோ, இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருக்கலாம் என்பதற்காக இருக்கிறவரை மூழ்கவிட வேண்டும். என் கை அணைக்கும் பொத்தானுக்கு மேலேயே நின்றது. கீழே இறங்கவில்லை. அது ஏன் இறங்கவில்லை என்பதற்கு நியாயமான காரணம் இருந்தது, ஆனாலும் என்னை நானே திட்டிக்கொண்டேன்.

வாங்கும் மேஜையின் போன் மறுபடி அடித்தது.

"சனியனே!" என்றார் பத்ரி. அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. எழுந்து போய், குடையைத் தள்ளிவிட்டு, கட் பண்ணுவதற்காக ஏதோ ஒரு பொத்தானைக் குத்தினார். அது ஸ்பீக்கர் பொத்தான்.

"வணக்கம்" என்றாள் மேகலா, அறை முழுக்க. "நீலத்திரை நெட்வொர்க்ஸிலிருந்து பேசுகிறோம். தாங்கள் எங்களிடம் பெற்றிருக்கும் மாற்றுப் பாதைச் சேவையில் ஒரு சிறு தடங்கலுக்குத் தங்கள் சம்மதம் கோருகிறோம்."

பத்ரி வாயைத் திறந்தவர் திறந்தபடியே நின்றார்.

என் இடது காது ஹெட்செட் மேஜையில் கிடந்து முனகிக்கொண்டிருந்தது. அதிலும் அவள்தான். "எங்கள் வாடிக்கையாளர் தற்போது அழைப்பை ஏற்றுள்ளார்" என்றாள். அஷ்டதிக்கின் மேகலாவும் நீலத்திரையின் மேகலாவும் ஒரே அறையில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான் ஓடினேன். ஆறு அடி தூரத்துக்கு ஓடினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் ஓடித்தான் போனேன். "எந்தப் பாதை? எந்தக் கேபிள்?"

"மலர்விழி அவென்யூ வழிச் செல்லும் கேபிள், முப்பத்தேழாவது நார்."

"என்ன ஓடுது அதுல?"

"தங்கள் நிறுவனத்தின் வண்டிப் பூட்டுச் சேவை. முதன்மைப் பாதை பழுதானால் பயன்படும் பொருட்டு."

எனக்கு நானே மெதுவாகப் புரியவைத்துக்கொண்டேன். பூட்டு போடும் சிக்னல் எங்கள் கேபிளிலேயே போகிறது. அந்தக் கேபிள் அறுந்தால் இன்னொரு வழி வேண்டும் என்று எங்கள் ஆட்கள் யாரோ யோசித்திருக்கிறார்கள். நம் கேபிளிலேயே இன்னொரு நாரை எடுத்தால் அது மாற்றுப் பாதை ஆகாது, ஆகவே வெளியே வாங்கு என்று சொல்லியிருக்கிறார்கள். நல்ல யோசனை. நீலத்திரையிடம் வாங்கினார்கள். நீலத்திரை அஷ்டதிக்கிடம் வாங்கியது. அஷ்டதிக் எங்களிடம் வாங்கியது. நல்ல டீல். எங்கள் மாற்றுப் பாதை எங்கள் கேபிளுக்குள்ளேயே, முதன்மைப் பாதையோடு உரசிக்கொண்டு படுத்திருந்தது. ஆபரேஷன் மேஜை இல்லை, டாக்டர் இல்லை, யாருடைய உயிரும் அதில் ஓடவில்லை. பூட்டைக் காப்பாற்றத்தான் பூட்டு.

காலையிலிருந்து பரிசீலித்துக்கொண்டிருந்த அந்த வாடிக்கையாளர் நாங்கள்.

"சம்மதம் எனில் எண் ஒன்றை அழுத்தவும்" என்றாள் மேகலா. "மேலும் யோசிக்க விரும்பினால்..."

ஒன்றை அழுத்தினேன். அழுத்திய விரல் வலித்தது.

"மகிழ்ச்சி" என்றாள் நீலத்திரை மேகலா. "மகிழ்ச்சி" என்றாள் அஷ்டதிக் மேகலா ஹெட்செட்டில். திரையில் முப்பத்தேழு பச்சையானது.

"முனிராஜ், திறந்துட்டேன்..." என்று ஆரம்பித்தேன். உடனே, "நில்லுங்க! தொடாதீங்க!" என்று அலறினேன்.

"என்ன மேடம் வெளாட்றீங்களா?"

விளையாட்டு இல்லை. பூட்டுக்கு இன்னொரு குணம் இருந்தது. சிக்னல் வராவிட்டால் வண்டி தானாகவே நின்றுவிடும். சிக்னலை மறித்துவிட்டுத் தோண்டுகிற கில்லாடிகளுக்காக அப்படி வைத்தது. கேபிள் அறுந்தால் முதன்மைப் பாதை போகும். அப்போதுதான் மாற்றுப் பாதை கை கொடுக்க வேண்டும். அதுவோ அதே கேபிளில் இருக்கிறது.

"முனிராஜ், கவனமா கேளுங்க. கேபிள் அறுந்த நொடியில வண்டி மறுபடி லாக் ஆயிடும். அப்புறம் இன்னைக்குத் திறக்காது. உங்களுக்கு ஒரே ஒரு தூக்குதான்."

அந்தப் பக்கம் முனிராஜ் இஞ்சினை முறுக்கிப் பார்க்கிற சத்தம் கேட்டது.

"கை அந்தரத்துல நின்னா ஸ்லாப் கீழ விழுந்துடுமா?" என்று கேட்டேன்.

"விழாது மேடம். கை எங்க நிக்குதோ அங்கயே இறுகிடும். ஸ்லாப்பைக் கவ்வினது கவ்வினபடி நிக்கும். ஆனா கேபிள் சீக்கிரம் அறுந்துட்டா அரையடிதான் தூக்கியிருப்பேன். அது பத்தாது."

நான் திரையில் அந்த இடத்தைப் பெரிதாக்கினேன். ஸ்லாப்புக்குக் கிழக்கே ஒரு கேபிள் குழி இருந்தது. பின்னால் தேவைப்பட்டால் உதவும் என்று எங்கள் ஆட்கள் ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் உபரி கேபிளைச் சுருட்டிப் போட்டிருப்பார்கள். "கிழக்குப் பக்கம் சுருள் கிடக்குது. கேபிள் அங்கிருந்து கொஞ்சம் உருவிக்கிட்டு வரும். அதனால கிழக்கு முனையைப் பிடிச்சு, மெதுவா. ரொம்ப மெதுவா தூக்குங்க."

"சரி."

"முனிராஜ், கேபிள் போனா உங்க டவரும் போயிடும். நாம பேச முடியாது."

"பேசி என்ன மேடம் ஆவப்போவுது?" என்றார். கேலியாகத்தான் சொன்னார்.

பத்ரி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "டவர் படுத்துட்டா அங்க வேற யாராவது ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினா?" என்றார் மெல்ல.

"தெரியலை சார்." நிஜமாகவே தெரியவில்லை.

ஸ்பீக்கரில் கேபிளின் காது வழியாக எல்லாம் கேட்டது. இஞ்சின் உறுமியது. இரும்புப் பற்கள் கான்கிரீட்டில் கிறீச்சிட்டன. பிறகு ஒரு நீண்ட, கனத்த முனகல். சுருள் உருவிக்கொண்டு வருகிற உரசல் கேட்டது. அவர் மெதுவாகத்தான் தூக்கினார், நான் மூச்சை விடாமல் இருக்கிற அளவுக்கு மெதுவாக. "வருது மேடம், வருது, இன்னும் கொஞ்சம்..." என்றார் முனிராஜ்.

டப்பென்று எல்லாம் போனது. முனிராஜின் குரல், வரைபடத்தில் இருந்த டவர்கள், திரையில் இருந்த அத்தனை பச்சையும். அறையில் இருந்த எல்லா மணிகளும் ஒரே சமயத்தில் அலறின. ஒவ்வொன்றாக அணைத்தேன்.

கேபிள் எங்கே அறுந்தாலும், எங்கள் பக்கத்தில் மிஞ்சிய துண்டுக்கு, அறுந்த முனை வரைக்கும் காது கேட்கும். நான் ஒலியைக் கூட்டினேன். முதலில் ஒன்றுமில்லை. இஞ்சின்கூட இல்லை. பத்ரி ஏதோ சொல்ல வந்தார், கையைக் காட்டி நிறுத்தினேன்.

மெல்லிய சலசலப்பு. பிறகு அது தடித்தது. கனத்தது. அடைபட்டது பிய்த்துக்கொண்டு ஓடுகிற இரைச்சலாகி ஸ்பீக்கரையே நடுங்கவைத்தது. மலர்விழி அவென்யூவின் தண்ணீர் முழுவதும் எங்கள் ஆறாவது மாடிக்குள் ஓடுகிற மாதிரி இருந்தது. நான் மேஜையில் கை ஊன்றி நின்றுகொண்டே அழுதேன். இந்தத் தடவை ஆத்திரத்தில் அல்ல.

வெகு நேரம் கழித்து, இரைச்சல் தணியத் தொடங்கிய பிறகு, ஒரு தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. முனிராஜ்தான். "பாலத்துமேல ஏறினாத்தான் டவர் கெடைக்குது, வேறொருத்தர் போன்ல பேசுறேன் மேடம். வண்டி ஸ்லாப்பைக் கவ்விக்கினு செலை மாதிரி நிக்குது. தண்ணி கடைசி செங்கல்லு வரைக்கும் வந்துச்சாம். அப்படியே நின்னு எறங்கிடுச்சு. மெஷின் ஓடுது. அந்தம்மா உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. இப்பவாவது அவங்களுக்கு ஒரு கனெக்‌ஷன் குடுப்பீங்களான்னு."

நான் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் வாங்கும் மேஜையின் போன் அடித்தது. எழுதாத விதியை மீறி நானே போய் எடுத்தேன்.

"வணக்கம்" என்றாள் மேகலா. "தங்கள் மாற்றுப் பாதையில் தடங்கல் ஏற்பட்டுள்ளது. வருந்துகிறோம். தங்களுக்குப் புதியதொரு மாற்றுப் பாதையை உடனே வழங்க விழைகிறோம். சம்மதமா?"

"அது எந்த வழியா போகுது?"

"அந்த விவரம் எங்களுக்கு வழங்குபவரிடம் உள்ளது. தாங்கள் சம்மதித்தால்..."

"தங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்" என்றேன். "கொஞ்சம் லைன்ல இருங்க."

ரிசீவரைக் கொண்டுவந்து ஸ்பீக்கருக்கு முன்னால் வைத்தேன். தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.